ஆவுடைத்தாய் ஒட்டிய ஜன்னல் திரை

ஆவுடைத்தாயின் இரண்டு கையும் கயிற்றில் சிக்கியிருந்தன. தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, லாட்ஜில் கழித்துப்போட்ட பழைய பட்டைத்திரை ஒன்றை மடியில் கிடத்தி, கட்டுத்துணி வெட்டும் வளைந்த கத்தரியால் அதன் கயிறுகளை நறுக்கிக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்து ஆபீஸ் ஜன்னல்களில் தொங்கவிட்டிருப்பார்களே, அந்தத் திரைதான். அதில் ஏணி மாதிரிப் பின்னிய மெல்லிய நூல் உண்டு. பட்டைகளின் துளை வழியே ஓடும் தடித்த கயிறும் உண்டு. மெல்லியதை வெட்ட வேண்டும். தடித்ததைத் தொடக் கூடாது, திரையை ஏற்றி இறக்குவது அதுதான்.

இது அவளுக்குத் தெரியும். ஆனால் பதினெட்டு வருஷமாக நோயாளிகளுக்குக் கட்டுப் பிரித்துப் பழகிய கை அது. தடிப்பான இடத்தில் கத்தரியைக் கொடுத்தால்தான் தோலில் படாது என்று அந்தக் கைக்குப் பாடம். பாடப்படியே தடித்த கயிற்றை நறுக்கிவிட்டது. முப்பத்தெட்டுப் பட்டைகளும் சடசடவென்று சரிந்து கட்டில் காலடிவரை ஓடின.

கட்டிலிலிருந்து முத்துவடிவு ஆச்சி கேட்டாள். "என்னட்டி, ஒடைஞ்சு போச்சா?"

"ஒடையல ஆச்சி. செத்துப் போச்சு."

"நேரத்தக் குறிச்சுக்கோ."

"பதினொண்ணு இருவது" என்றாள் ஆவுடைத்தாய், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து.

அன்றைக்கு வியாழக்கிழமை. மூன்று திரைகளில் ஒன்று போயிற்று. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கொத்தனார் காமராஜ் செங்கலும் சிமென்டும் கொண்டுவந்து அந்த அறையின் மேற்கு ஜன்னலை அடைக்கப்போகிறார். அதற்குள் மிச்சம் இரண்டில் ஒன்றாவது பிழைக்க வேண்டும்.

ஜன்னலைப் பற்றிச் சொல்லிவிடலாம். ஆச்சியின் ஒரே மகன் விஸ்வநாதன் பெங்களூரில் இன்ஜினியர். ஐந்து வருஷத்துக்கு முன் குத்துக்கல்வலசையில் மனை வாங்கி இந்த வீட்டைக் கட்டியபோது, அம்மாவின் அறையில் நாலடிக்கு ஐந்தடியில் பெரிய ஜன்னல் வைத்தான். கட்டிலில் படுத்தபடியே குற்றாலமலை தெரியும். மறுவருஷமே ஆச்சியின் வீட்டுக்காரர் வீரபாகு பிள்ளை போய்ச் சேர்ந்தார். அதன்பிறகு ஆச்சிக்கு அந்த ஜன்னல் ஓர் உத்தியோகம் ஆகிவிட்டது.

சீசன் தொடங்கினால் சொந்தக்காரர்கள் எல்லா ஊரிலிருந்தும் போன் போட்டுக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அருவியில் தண்ணீர் விழுகிறதா? டிவியில் சொல்வதை யாரும் நம்புவதில்லை. மதுரைக்காரர்கள், தூத்துக்குடிக்காரர்கள், நாகர்கோவிலில் இருக்கும் கொழுந்தன் குடும்பம் எல்லோரும் ஆச்சியைத்தான் கேட்பார்கள். ஆச்சி ஜன்னலைப் பார்ப்பாள். மேகம் மலையின் தோளில் உட்கார்ந்திருக்கிறதா, இடுப்புவரை இறங்கியிருக்கிறதா, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்வாள். "இன்னிக்கு வராதீய, நாளைக் கழிச்சு வாங்க" என்றால் அவர்கள் நாளைக் கழித்துத்தான் வண்டி ஏறுவார்கள். தவறியது நாலு வருஷத்தில் இரண்டே தரம். இரண்டுக்கும் ஆச்சியிடம் காரணம் இருந்தது.

ஏழு வாரத்துக்கு முன் பின்கட்டுக் குழாயடியில் ஆச்சி வழுக்கி விழுந்தாள். இடது இடுப்பெலும்பு முறிந்து, திருநெல்வேலியில் தகடு வைத்து அனுப்பினார்கள். வயது எழுபத்தாறு. நிமிர்ந்து படுக்கலாம், அல்லது வலது பக்கம் ஒருக்களிக்கலாம். வலது பக்கம் என்றால் நேரே ஜன்னல். சாரல் அடிக்கும் நாளில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இந்த ஆனியில் சாரல் நாலு நாள் வருவதும் ஆறு நாள் ஒளிவதுமாக இருந்தது. ஒளிந்த நாளில் மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை மேற்கு வெயில் கண்ணுக்குள் குத்தும். அறை அடுப்பாகக் காயும். கட்டிலைத் திருப்பலாம் என்றால் ஒரு பக்கம் கக்கூஸ் கதவு, மறுபக்கம் பீரோ. ஆச்சி பிடித்து நடக்கும் நடைவண்டி போக வழியிராது. துணித்திரை முன்பே மாட்டியிருந்தது. செங்கோட்டைக் கணவாய்க் காற்று அதைத் தூக்கி ஆச்சியின் முகத்தில் அடித்தது. ஒருநாள் கஞ்சித் தம்ளரையும் தட்டிவிட்டது. அதோடு, பக்கவாட்டில் இழுக்கும் திரைக்கு இரண்டே நிலைதான். மூடினால் மலை போயிற்று, திறந்தால் கண் போயிற்று. ஆச்சி திறந்தே வைத்தாள். போன வாரம் தலைசுற்றி வாந்தி எடுத்தாள்.

டாக்டர் வந்து பார்த்து, வெயில்தான் காரணம் என்றார். ஆவுடைத்தாய் விஸ்வநாதனுக்குப் போனில் உள்ளது உள்ளபடி சொன்னாள். மறைத்துப் பேசுவது அவள் வழக்கமில்லை. அவன் இன்ஜினியர் அல்லவா, அரை மணியில் முடிவெடுத்துவிட்டான்: ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, மேலே சின்னதாக ஒரு வென்டிலேட்டர் விட்டு, ஏசி மாட்டிவிடுவது. சனிக்கிழமை ராத்திரி மனைவி அபர்ணாவுடன் வருகிறேன், திங்கட்கிழமை வேலை என்றான்.

ஆச்சி மகனிடம் ஒன்றும் சொல்லவில்லை. போனைக் கீழே வைத்துவிட்டு ஆவுடைத்தாயிடம் சொன்னாள். "சன்னல அடைச்சா நான் சுவத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்கணும். சுவத்தப் பாத்துக் கெடக்க எனக்கு இன்னும் நாள் வரல பாத்துக்கோ."

அதில் அழுகை எதுவும் இல்லை. இருந்திருந்தால் ஆவுடைத்தாய் சமாதானம் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள். அழுகிறவர்களுக்கு ஆயிரம் பேர் உண்டு. காரணம் சொல்கிறவர்களுக்குத்தான் ஆள் வேண்டும் என்பது அவள் கணக்கு.

ஆவுடைத்தாய்க்கு இப்போது ஐம்பத்தெட்டு. முப்பத்தெட்டு வயதுவரை இலஞ்சிப் பக்கத்து வயல்களில் நடவும் களையெடுப்பும்தான். மாமியார் வாதம் வந்து இரண்டு வருஷம் படுத்துக் கிடந்தாள். முதுகில் ஒரு புண் வராமல் பார்த்துக்கொண்டாள் ஆவுடைத்தாய். மாமியாரின் சாவுக்கு வந்த நர்ஸம்மா ஒருத்தி அந்த முதுகைப் பார்த்துவிட்டு, இந்தக் கையை வயலில் வைத்து என்ன செய்கிறாய் என்று கேட்டாள். தென்காசியில் மூன்று மாதம் நோயாளி பராமரிப்புப் பயிற்சி நடந்தது. ஐந்தாம் வகுப்புப் படித்தவள், சின்னப் பெண்களோடு உட்கார்ந்து எழுதிப் படித்துச் சான்றிதழ் வாங்கினாள். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டவில்லை. பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையிலேயே வைத்திருக்கிறாள், கேட்டால் காட்ட.

அதிலிருந்து இருபத்துமூன்று பேரைப் பார்த்திருக்கிறாள். பத்துப் பேர் எழுந்து நடந்தார்கள், பதின்மூன்று பேர் போய்ச் சேர்ந்தார்கள். யாருக்காகவும் அழுததில்லை. இரண்டு மணிக்கு ஒருதரம் திருப்பிப் படுக்கவைப்பது, குடித்த தண்ணீருக்கும் போன மூத்திரத்துக்கும் கணக்கு வைப்பது, நகம் வெட்டுவது, உண்மையைச் சொல்வது, இவ்வளவுதான் வேலை என்பாள்.

அவள் வீட்டுக்காரர் பிச்சைமணி ஐந்தருவிப் பக்கம் ஒரு லாட்ஜில் வாட்ச்மேன். அங்கே அறைகளைப் புதுப்பிக்கிறார்கள் என்றும், பட்டைத்திரைகளையெல்லாம் பிடுங்கிக் குப்பையில் எறிகிறார்கள் என்றும் புதன்கிழமை போனில் சொன்னார். ஆவுடைத்தாய் மூன்றைக் கொண்டுவரச் சொன்னாள். கொண்டுவந்தார். பாதிப் பட்டை ஒடிந்து, மிச்சம் பழுப்பேறி, குரங்கு கடித்த தடத்தோடு இருந்தன. அப்படியே மாட்டினால் காற்றுக்குத் தடதடக்கும், ஒடிந்த சந்தெல்லாம் வெயில் கோடு போடும்.

அதற்கொரு வழியைப் போனில் ஒரு வீடியோ காட்டியது. ஏதோ தேசத்துப் பெண்மணி. பட்டைகளில் ஐந்தாறை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை உருவிப்போட்டுவிட்டு, அந்த ஐந்தாறின் மேல் துணியை ஒட்டினாள். கயிற்றை இழுத்தால் துணி மடிப்பு மடிப்பாக மேலே போயிற்று. விட்டால் வேண்டிய இடத்தில் நின்றது. அவள் பேசியது ஆவுடைத்தாய்க்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. ஆனால் கை புரிந்தது. எல்லாவற்றையும்விடப் பிடித்தது, அதில் தையலே இல்லை என்பது. டெய்லர் பெஞ்சமினிடம் கேட்டதற்கு, பள்ளிக்கூட யூனிபார்ம் வேலை இருக்கிறது, ஆடி கழிந்து பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். ஆவுடைத்தாய்க்கு ஊசி என்றால் இடுப்பில் போடத்தான் தெரியும்.

இரண்டாவது திரையில் கத்தரியை எடுக்கும் முன், தடித்த கயிற்றில் மருத்துவப் பிளாஸ்திரியைச் சிவப்பு மையில் நனைத்துச் சுற்றினாள். தொடக் கூடாத இடம் என்று கைக்குத் தெரிவதற்கு. இந்தத் தடவை மெல்லிய நூல் மட்டும் அறுந்தது. அடிச்சட்டத்து முடிச்சைப் பிரித்து, கயிற்றை உருவி, ஒடியாத பட்டை ஆறைத் தேர்ந்தெடுத்துச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தாள். மறுபடி கோத்து, ஜாணுக்கு ஒன்றாகத் தரையில் பரப்பினாள். ஆச்சி கட்டிலிலிருந்து மேற்பார்வை பார்த்தாள். மூன்றாவது பட்டை கோணல் என்று நாலு தரம் சொன்னாள். நாலாவது தரம் ஆவுடைத்தாய் அளந்து பார்த்தாள். கோணல்தான்.

துணிக்கு, மர அலமாரியின் கீழ்த்தட்டில் பழைய சேலை கிடக்கிறது, எடுத்துக்கொள் என்று ஆச்சி சொல்லியிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் ஆச்சி கண்ணயர்ந்தபோது ஆவுடைத்தாய் போய்ப் பார்த்தாள். துவைத்துத் துவைத்துச் சல்லடையாய்ப் போன வாயில் துணிச் சேலைகள். வெயிலுக்கு நேரே பிடித்தால் தன் விரலே தெரிந்தது. ஆகாது. மருந்து வைத்திருக்கும் இரும்பு பீரோவின் சாவி அவளிடம்தான் இருந்தது. அதில் கீழ்த்தட்டில் கவரில் மடித்து வைத்த பருத்திச் சேலைகள் ஏழு அடுக்கியிருந்தன. சந்தன நிறத்தில் வாடாமல்லிக் கரை போட்ட ஒன்று நல்ல கனம். இரண்டாக மடித்தால் வெயில் தாங்கும். அகலமும் பட்டைக்குச் சரியாக வந்து, ஓரம் மடக்க இரண்டு விரல் மிஞ்சியது.

எழுப்பிக் கேட்டிருக்கலாம். தூங்கும் நோயாளியை எழுப்பாதே என்பது பயிற்சியில் முதல் வாரத்துப் பாடம். எழுப்பவில்லை. இன்னொன்று, நாலு வருஷமாகக் கட்டாத ஏழு சேலை பீரோவில் ஏன் கிடக்கிறது என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை. வசதியான வீடு, கிடக்கும் என்று நினைத்தாள்.

ஆச்சி விழித்தபோது துணி வெட்டியாகிவிட்டது. தச்சர்கள் மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசையை மருந்து தடவும் தூரிகையால் மேல்சட்டத்தில் பூசிக்கொண்டிருந்தாள் ஆவுடைத்தாய். ஆச்சி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, தரையில் விரித்திருந்த துணியின் கரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எந்த பீரோவுல எடுத்தே?"

"இரும்பு பீரோ, ஆச்சி. அலமாரில இருந்ததெல்லாம் கொசுவலை மாதிரி இருக்கு. நல்ல சேலையா? வெட்டிப்புட்டேனே."

ஆச்சி மறுபடியும் பார்த்தாள். "சரி, ஒட்டு" என்றாள். கயிற்றில் பசை பட்டுவிடாமல் ஒட்டு என்றும் சேர்த்துச் சொன்னாள்.

சாரல் மாசத்தில் பசை காய்வது பெரும்பாடு. வீடியோக்காரி ஒரு மணி நேரத்தில் காய்ந்ததென்று தூக்கி மாட்டினாள். அவள் ஊரில் குற்றாலக் காற்று இல்லை. இங்கே வெள்ளிக்கிழமை சாயங்காலமும் தொட்டால் பிசுக்கென்றது. ஒவ்வொரு பட்டை மேலும் ஆவுடைத்தாய் பாரம் வைத்தாள்: சத்துமாவு டப்பா, உப்பு ஜாடி, தண்ணீர் நிரப்பிய மருந்துப் புட்டிகள், ஆச்சியின் வெந்நீர்ப் பை. அறையின் நடுவில் பாதையை அடைத்துக்கொண்டு அது கிடந்தது. நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு தினம் பத்தடி நடக்க வேண்டும் என்று ஆச்சிக்கு உத்தரவு. நேரே போக வழியில்லாததால் திரையைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை பதினாலு அடி. சனிக்கிழமை ஜன்னல்வரை போய்த் திரும்பினாள், இருபத்திரண்டு. ஆவுடைத்தாய் நோட்டில் எழுதினாள், பாராட்டவில்லை.

அன்று ராத்திரி விஸ்வநாதனும் அபர்ணாவும் வந்தபோது, தரையில் கிடப்பது என்ன என்று கேட்டார்கள். நாளைக்குத் தெரியும் என்றாள் ஆச்சி.

ஞாயிற்றுக்கிழமை காலை விஸ்வநாதனே ஸ்டூலில் ஏறி, ஜன்னல் நிலைக்கு மேலே திருகாணி போட்டுத் திரையை மாட்டினான். மாட்டும்போதே, இதெல்லாம் இரண்டு நாள் விளையாட்டு, காமராஜிடம் சொன்னது சொன்னதுதான் என்று சொல்லிக்கொண்டே மாட்டினான். மூன்றரை மணிக்கு வெயில் உள்ளே வந்தது. அவனை அந்தக் கட்டிலில் படுத்துப் பார்க்கச் சொன்னாள் ஆவுடைத்தாய். ஆச்சியை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அவன் வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தான். ஒரு நிமிஷம் தாங்கவில்லை, கையால் கண்ணை மறைத்தான்.

அவள் கயிற்றைத் தளர்த்தினாள். வாடாமல்லிக் கரை மெதுவாகக் கீழே வந்தது. ஒரு பட்டை, இரண்டு பட்டை, மூன்று. நாலாவதில் வெயில் அவன் முகத்தை விட்டு விலகித் துணியில் போய் நின்றது. துணிக்குக் கீழே மலை அப்படியே இருந்தது.

அவன் எழுந்திருக்காமல் கொஞ்ச நேரம் படுத்திருந்தான். "சூரியன் எறங்க எறங்க?" என்று கேட்டான்.

"எறங்க எறங்கத் தெரையும் எறங்கும். அஞ்சரைக்குப் பொறவு மலைக்கும் ஆச்சிக்கும் ஒரு அரைமணி லீவு" என்றாள் ஆவுடைத்தாய்.

அபர்ணா சிரித்துவிட்டு, செங்கலுக்கு இது தேவலை என்றாள். விஸ்வநாதன் போனைக் கையில் எடுத்தான். காமராஜுக்குத்தான் என்று ஆச்சிக்கும் தெரிந்தது, ஆவுடைத்தாய்க்கும் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து, ஒரு பை ரம்புட்டான் பழத்தோடு உமா மகேஸ்வரி உள்ளே வந்தாள். ஆச்சியின் தம்பி மனைவி; தென்காசியில் கோயில் பக்கம் வீடு; சாஸ்திரம் சம்பிரதாயம் என்றால் குடும்பம் முழுக்க அவளைத்தான் கேட்கும். பையை வைத்துவிட்டு நிமிர்ந்தவள், ஜன்னலைப் பார்த்தாள். கிட்டே போனாள். கரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

"மைனி, இது நான் எடுத்த கோடிச் சேலையில்லா."

வீரபாகு பிள்ளை இறந்தபோது ஆச்சிக்குப் பிறந்தவீட்டார் போட்ட கோடிச் சேலைகள் அவை. தம்பி வீட்டுச் சேலையை உமா மகேஸ்வரிதான் ரதவீதியில் நாலு கடை ஏறி எடுத்தாள். சடங்கில் தோளில் போட்டதோடு சரி; அந்த வீட்டு வழக்கப்படி அதைப் பிறகு கட்டுவதுமில்லை, அடுத்தவருக்குக் கொடுப்பதுமில்லை. ஆவுடைத்தாய் வீட்டுப் பக்கமோ கோடி விழுந்த சேலையை மறுவாரமே உடுத்திக்கொண்டு நடவுக்குப் போவார்கள். அது பீரோவில் கவரோடு படுத்திருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"நான்தாம் எடுத்தேன். ஆச்சி சொன்னது வேற அலமாரி. கேக்காம எடுத்து வெட்டுனது என் தப்பு" என்று ஆவுடைத்தாய் நேரே சொன்னாள். கழற்றிவிடுகிறேன், மூன்றாவது திரை மிச்சம் இருக்கிறது என்றாள். அதற்கு வேறு துணி ஒட்டிக் காய இன்னும் மூன்று நாள் ஆகும் என்பதையும் சொன்னாள்.

உமா மகேஸ்வரி அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் படுத்திருக்கும் மனுஷி கண்ணெதிரே சாவுத் துணியைத் தொங்கவிடுவதா, பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள், இடுப்பு கூடி வருகிற நேரத்தில் இப்படியா என்று விஸ்வநாதனிடம் அடுக்கினாள். விஸ்வநாதன் பெங்களூரில் நூறு பேரை மேய்ப்பவன். அத்தை முன்னால் பத்து வயசுப் பையன். போனைச் சட்டைப்பையில் போட்டான். "சரி அத்தை, கழத்திருவோம். காலையில காமராஜு வாராருல்லா" என்றான்.

ஆவுடைத்தாய் ஸ்டூலை இழுத்தாள்.

"அங்கனயே வையி" என்றாள் ஆச்சி. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். "வியாழக்கெழம மத்தியானமே கரையப் பாத்தேன். தெரிஞ்சுதான் ஒட்டச் சொன்னேன்."

"மைனி..."

"இரு உமா, சொல்லி முடிச்சிருதேன். அதக் கட்டவும் கூடாது, குடுக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாதுன்னு நீதான் சொன்னே. நாலு வருசமா பீரோவுல படுத்துக் கெடக்கு. நானும் ஏழு வாரமா இங்கன படுத்துக் கெடக்கேன். ரெண்டுல ஒண்ணாவது எந்திரிச்சு நின்னு வேல பாக்கட்டுமே."

அபர்ணா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்; சிரிப்பில் தோள் குலுங்கியது. விஸ்வநாதன் தரையைப் பார்த்தான்.

"சன்னல அடைச்சிட்டா ஒன் மதுரைத் தங்கச்சி யாரக் கேட்டுட்டு வருவா?" என்று ஆச்சி இன்னும் ஒன்று போட்டாள். "போன வருசம் என்னையக் கேக்காம வந்து, பொட்டுத் தண்ணி இல்லாம பக்கெட்டுல குளிச்சிட்டுப் போனாள்லா."

அன்று தங்கச்சியோடு வந்த பதினோரு பேருக்கும் உமா மகேஸ்வரி வீட்டில்தான் சமையல். என்னவும் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ரம்புட்டான் உரித்தாள். போய்விடவில்லை, கோபமும் போய்விடவில்லை. ஆச்சிக்கு உரித்துக் கொடுத்தாள், தனக்கு உரித்துக்கொண்டாள். ஆவுடைத்தாய் ஸ்டூலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நின்றபடி, கழற்றுவதா வேண்டாமா என்று யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

நாலரை மணி ஆயிற்று. சூரியன் ஒரு முழம் இறங்கியது. துணிக்கு அடியில் புகுந்த வெயில் நேராக உமா மகேஸ்வரியின் முகத்தில் அடித்தது. பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் நகர்ந்தாள், அந்தப் பக்கம் நகர்ந்தாள். எங்கும் தப்பவில்லை.

"ஆவுடை" என்றாள் கடைசியில், யாரையும் பார்க்காமல். "அத ஒரு பட்டை எறக்கு. கண்ணு கூசுது."

ஆவுடைத்தாய் ஒரு பட்டை இறக்கினாள்.

ஆச்சி வாயைத் திறக்கப் போனாள். அபர்ணா சட்டென்று ஒரு பழத்தை அந்த வாயில் வைத்தாள். மாமியாரை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

போகும்போது உமா மகேஸ்வரி வாசலில் நின்று, மிச்சத் திரை ஒன்று இருக்கிறதாமே என்று ஆவுடைத்தாயிடம் கேட்டாள். தன் வீட்டு அடுப்படி ஜன்னலும் மேற்கேதான் என்றாள். துணி தானே தருவதாகவும், அது புதுத்துணியாக, மஞ்சள் தடவினதாக இருக்கும் என்றும் கொஞ்சம் அழுத்தியே சொன்னாள்.

ஒரு குறை மட்டும் மிச்சமிருந்தது. பழைய திரை என்பதால் கயிற்றைப் பிடித்து நிறுத்தும் பல் தேய்ந்திருந்தது. ஒவ்வொரு தரமும் ஆவுடைத்தாய் கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டினாள். கட்டிலிலிருந்து அது ஆச்சிக்கு எட்டாது. தனக்கு வேண்டும்போது தானே ஏற்றி இறக்க முடியாத ஜன்னல் பாதி ஜன்னல்தான் என்று ஆச்சி முணுமுணுத்தாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் காமராஜ் சிமென்டுச் சட்டியோடு வந்தார். விஸ்வநாதன் அவருக்குக் காப்பி கொடுத்து, செங்கலைப் பின்கட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னான். ஆச்சி வழுக்கி விழுந்த குழாயடிக்குச் சொரசொரப்பாகத் தளம் போட வேண்டும். அதற்கு முன்னால் அறையில் ஒரு சின்ன வேலை என்றான். ஆவுடைத்தாய் கட்டிலில் ஆச்சியின் கையை நீட்டச் சொல்லி, விரல் நுனி எட்டும் இடத்துக்கு நாலு விரல் கீழே சுவரில் பென்சிலால் புள்ளி வைத்தாள். காமராஜ் அங்கே துளை போட்டு இரும்புக் கொக்கி ஒன்றை இறுக்கினார். ஆவுடைத்தாய் திரைக்கயிற்றோடு இன்னொரு கயிற்றை முடிந்து, கொக்கிவரை நீட்டிச் சுற்றினாள். ஜன்னலை அடைக்க வந்த ஆளை ஜன்னலுக்கே வேலை செய்ய வைத்துவிட்டீர்களே ஆச்சி என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனார்.

எட்டே முக்காலுக்கு மதுரையிலிருந்து போன் வந்தது. ஆச்சி போனை மார்பில் வைத்துக்கொண்டு, கொக்கியிலிருந்து கயிற்றை எடுத்து இழுத்தாள். திரை மடிப்பு மடிப்பாக மேலே போயிற்று. கயிற்றைக் கொக்கியில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு மலையைப் பார்த்தாள். மேகம் இடுப்புவரை இறங்கியிருந்தது. பத்து மணிக்கு மேல் ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழும், கிளம்பலாம் என்று தீர்ப்புச் சொன்னாள்.

பிச்சைமணி அப்போதுதான் லாட்ஜிலிருந்து கூப்பிட்டு, அருவி நூலாகத்தான் விழுகிறது என்று ஆவுடைத்தாயிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பத்து மணி வரைக்கும் பொறுக்கச் சொல்லு. அங்கன நின்னு பாத்தா என்ன தெரியும்?" என்றாள் ஆச்சி.

ஆவுடைத்தாய் அதை அப்படியே அவரிடம் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். பிறகு நோட்டை எடுத்து நேரத்தை எழுதி, ஆச்சியை இடுப்பில் கைகொடுத்து எழுப்பி, நடைவண்டியை முன்னால் நகர்த்தினாள்.